கையும் கருவியும்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் வாழ்க்கையை எழுதப் புகுந்தவன் நத்தார் வாழ்த்து அட்டையிலிருந்து தொடங்குவது வாசகர் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். சிவநடனத்தின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளக்கிய பேரறிஞருக்கும், மார்கழி பிறந்ததும் கொட்டாஞ்சேனை வீடுகளிலே மேசைமீது பரவிக் கிடக்கும் வர்ணத் தாளுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் கேட்பர். தொடர்பு உண்டு என்பதே என் துணிபு. அது ஒரு வினாவிலே இருக்கிறது. முத்திரையும் துளைத்தகடும் வெட்டச்சும் கொண்டு செய்த பொருளைக் கைவேலை என்று சொல்லலாமா என்பதே அவ்வினா.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல ஆண்டுகள் மாணவர்க்குச் சித்திரம் கற்பித்தவன் நான். நத்தார் நெருங்கியதும் பிள்ளைகள் அட்டை செய்யத் தொடங்கிவிடுவர். வெண்டிக்காயைக் குறுக்கே அரிந்து வர்ணத்திலே தோய்த்து ஒற்றினால் ஐந்து முனை விண்மீன் ஒன்று பதியும். பெத்தலகேமின் விண்மீனுக்கு இதனினும் மலிவான முத்திரை வேறு இல்லை. உருளைக்கிழங்கிலும் அழிறப்பரிலும் உருவம் செதுக்குவோர் உளர். பழைய எக்ஸ்கதிர்ப் படத்தைக் கழுவி, அதிலே ஒட்டகத்தையும் மேய்ப்பனையும் வெட்டித் துளைத்தகடாக்கிப் பஞ்சினால் வர்ணம் ஒற்றுவோரும் உளர். தமிழ் எழுத்தைத் துளைத்தகடாக வெட்டுவது எளிதன்று. ணகரத்தின் சுழியை முழுவதும் வெட்டினால் உள்ளே இருக்கும் துண்டு விழுந்துவிடும். அதனைப் பிடித்து நிற்க ஓரிடத்திலே சிறு பாலம் விடவேண்டும். பாலத்தை எங்கே விடுவது என்பதிலேதான் கை தேர்ந்தவன் யார் என்பது தெரியவரும். இவற்றோடு, இக்காலத்திலே உருக்கு வெட்டச்சுகளும் வந்துவிட்டன. அட்டையை அச்சோடு சேர்த்து இரண்டு உருளைகளுக்கிடையே செலுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் இலையும் மணியும் பிசிறின்றி வெட்டுண்டு வரும். இங்கேதான் வழக்குப் பிறக்கிறது. தூரிகையால் வரைந்தவன் முத்திரை பதித்தவனைப் பார்த்து இது உன் வேலையன்று என்கிறான். முத்திரை பதித்தவன் வெட்டச்சு வாங்கியவனைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்கிறான்.

இவ்வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. விற்பனைக்கென முதன்முதல் வெளிவந்த நத்தார் அட்டையே இரண்டுங்கெட்டானாகப் பிறந்தது. 1843 ஆம் ஆண்டு இலண்டனிலே ஹென்றி கோல் என்பவர், ஜோன் கல்கொட் ஹோஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு படம் வரைவித்து, கல்லச்சிலே ஆயிரம் பிரதிகள் அடிப்பித்து, பின்னர் ஒவ்வொன்றுக்கும் கையினால் வர்ணம் தீட்டுவித்து, ஒரு ஷிலிங் வீதம் விற்றார். கோடு இயந்திரத்தின் கொடை. நிறம் கையின் கொடை. இந்த ஹென்றி கோலே பிற்காலத்தில் தென் கென்சிங்ரன் அரும்பொருட்சாலையின் முதல் இயக்குநராக விளங்கியவர். இயந்திர யுகத்தின் பொருள்களுக்கு அழகூட்டலாம் என்று நம்பிய தலைமுறையினர் அவர். அந்நம்பிக்கையை ஐயுற்ற தலைமுறையிலே தோன்றியவர் நம் குமாரசுவாமி.

அவர் 1877 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி, சட்ட நிருபண சபையில் அமர்ந்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்திலே தந்தவர். பாளி நூல்களையும் மொழிபெயர்த்தவர். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ற் பகுதியைச் சேர்ந்தவர். குழந்தை தாயுடன் இங்கிலாந்து சென்றிருக்க, மனைவியையும் மகனையும் காணக் கப்பலேற ஆயத்தமாயிருந்த முத்து குமாரசுவாமி 1879 இல் கொழும்பிலே காலமானார். இரண்டு வயதும் நிரம்பாத பிள்ளை தந்தையின் மொழியையும் ஊரையும் அறியாது வளரலாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய அத்தை மக்கள். அவர்கள் கொழும்பிலே தமிழ்ச் சூழலில் வளர்ந்தவர்கள்; இவரோ குளோஸ்ரர் பகுதியிலுள்ள விக்ளிப் கல்லூரியிலே ஆங்கிலப் பிள்ளையாகப் பயின்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவியியற் பாறைகளையும் தாவரங்களையும் கற்று முதல் வகுப்பிலே தேறினார்.

கலைஞராக அன்றிக் கற்களை ஆராய்பவராகவே அவர் ஈழத்துக்குத் திரும்பினார் என்பதை மறத்தல் கூடாது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைக்கு அவர் இயக்குநர். தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளை 1904 இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவரும் அவரே. ஆனால் கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போனவர் கண்டது வேறு. பாய் பின்னுவோரும், பித்தளை வார்ப்போரும், தந்தம் கடைவோரும், அரக்கு வேலை செய்வோரும் தம் தொழிலின் கடைசித் தலைமுறையாக அங்கே இருந்தனர். 1815 இல் கண்டி அரசு வீழ்ந்தது. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. அம்முறையிலே கொடுமையும் இருந்தது என்பது உண்மை. எனினும் கைவினைஞனுக்கு நிலம் தந்து, அதற்கீடாக அவன் வேலையைப் பெற்ற ஏற்பாடும் அதனோடு தளர்ந்தது. பின்னர் கப்பலில் வந்த மலிவுச் சரக்கு எஞ்சியதையும் அடித்துச் சென்றது.

அவருடன் அக்கிராமங்களிலே நடந்தவர் அவர் மனைவி எதெல் மேரி. நம்மவர் எழுதும் கட்டுரைகளிலே இவ்வம்மையாருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை, இது நன்றன்று. ஒளிப்படங்கள் எடுத்ததும், தையல் வேலைப்பாடுகளைக் கூர்ந்து கற்றதும் அவரே. பிற்காலத்திலே எதெல் மெய்ரே என்னும் பெயரோடு இங்கிலாந்தின் டிச்லிங் ஊரிலே தறி அமைத்து, கைநெசவிலும் தாவரச் சாயத்திலும் புகழ்பெற்றவரும் இவரே. கணவர் எழுத்தினால் செய்ததை மனைவி நூலினால் செய்தார் எனலாம்.

1905 இல் கண்டிப் பிரதானிகளுக்குக் குமாரசுவாமி ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதினார். பழைய கட்டடங்களைப் பாழாக விடாமற் காக்குமாறும், கைவினைஞரை ஆதரிக்குமாறும் அதிலே வேண்டினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக இருந்து, மேனாட்டு நடையுடைகளைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கடிந்தார். கேட்டோர் சிலர், கேளாதோர் பலர். 1907 இல் இங்கிலாந்து சென்று, பிறோட் கம்டன் என்னும் சிற்றூரிலே நோர்மன் சப்பல் என்ற பழைய கட்டடத்திலே குடியமர்ந்தார்.

அங்கே நிகழ்ந்ததை நான் விரித்தே எழுதவேண்டும். வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலப் புலவர், அச்சுத்தொழில் இழிந்துவிட்டதென மனம் நொந்து, 1891 இல் கெல்ம்ஸ்கொற் அச்சகம் என்ற பெயரிலே ஒரு கையச்சகம் நிறுவியவர். அவர் 1896 இல் மறைந்தபின் அவ்வச்சுப்பொறிகள் ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞரிடம் வந்து, அவரிடமிருந்து குமாரசுவாமியின் இல்லத்தை அடைந்தன. மொறிஸ் தமது பெருநூலாகிய சோசரின் படைப்புகளை அடித்த அதே பொறியிலே, கண்டி நாட்டுக் கைவினைஞரைப் பற்றிய தமது நூலைக் குமாரசுவாமி அச்சிட்டார். எழுத்துகளைக் கோத்து, மை தடவி, ஒவ்வொரு தாளாக இட்டு, நெம்புகோலை இழுத்து அடிக்கும் வேலை. 1907 செப்ரெம்பர் தொடங்கி 1908 டிசெம்பர் வரை, ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள் அது நடந்தது. அடித்த பிரதிகள் 425 மட்டுமே. இயந்திர அச்சகம் எதுவும் சில வாரங்களில் முடித்துக் கொடுத்திருக்கும், செலவும் குறைந்திருக்கும். கைவேலையைப் போற்றும் நூலைக் கைவேலையாகவே தரவேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. இதனைச் செல்வர் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று பழிப்பவர்களும் உண்டு. பணம் இருந்தது உண்மையே. பணம் இருந்தோர் அனைவரும் இதைச் செய்யவில்லை என்பதும் உண்மை.

அந்நூலிலே எனக்கு மறவாதது நேத்திர மங்கலம் என்னும் சடங்கைப் பற்றிய பகுதி. புத்தர் சிலையின் அங்கங்கள் யாவும் அளவு நூல் விதித்தபடி அமைவன. தலைமுறை தலைமுறையாக வந்த அளவை மாற்றச் சிற்பிக்கு உரிமை இல்லை. ஆனால் கண் திறக்கும் வேளையிலே அவன் தனியனாகிறான். சிலையை நேரே நோக்காமல், கண்ணாடியிலே அதன் நிழலைப் பார்த்துக் கண்ணைத் தீட்டுகிறான். மற்றையதெல்லாம் மரபின் அச்சு; அந்த ஒரு கணம் அவன் கை. மரபான வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதனால் கலைஞன் தாழ்ந்துவிடுவதில்லை என்று குமாரசுவாமி வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்ததை இச்சடங்கைக் கொண்டே நான் விளங்கிக்கொண்டேன்.

அவருடைய நூல் அச்சேறிய அதே ஆண்டுகளிலே, கொழும்பிலே அவர் மைத்துனர் இராமநாதன் வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தார். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே, தம் தந்தையார் பொன்னம்பல முதலியார் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் மீண்டும் கட்டும் திருப்பணி 1907 முதல் 1912 வரை நடந்தது. துறைமுகத்திலே நீராவிக் கப்பல்கள் ஊதிக்கொண்டிருக்க, அருகிலே உளியும் சுத்தியலும் கல்லோடு பேசிக்கொண்டிருந்தன. நகரின் மறுகோடியில் வெள்ளவத்தையிலோ நூற்பு நெசவாலையின் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே நகரிலே இரண்டு வகை உழைப்பு.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் கோட்டினைக் குமாரசுவாமி தறியைக் கொண்டே வரைந்தார். கைத்தறியும் கருவிதான், அது பாவு நூல்களை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, நெய்பவன் விரல் தன் வேலையைச் செய்கிறது. விசைத்தறியோ நெய்பவனுக்கு உரிய மனித வேலையையே தான் எடுத்துக்கொள்கிறது. முன்னது கைக்குத் துணை. பின்னது கைக்கு மாற்று. ஆகவே அது இயந்திரம். அவர் இரும்பை வெறுத்தவரல்லர். மொறிஸின் பொறி இரும்புதானே! பொருளியல் அறிஞர் சூமாக்கர் 1973 இல் வெளியிட்ட சிறியதே அழகு என்னும் நூலிலும் இக்கருத்தை எடுத்து ஆண்டிருக்கிறார்.

இப்பொழுது பிள்ளைகளின் வழக்குக்கு வருவோம். வெண்டிக்காய் முத்திரை கருவியா? ஐயமில்லை. எத்துணை மை, எத்துணை அழுத்தம், எந்த இடம் என்பவற்றை முடிவு செய்வது பிள்ளையின் கை. ஒரே காயால் ஒற்றிய இருபது விண்மீன்களும் இருபது விதமாக இருக்கும். துளைத்தகட்டை வெட்டியவன் சுழியின் பாலத்திலே தன் அறிவை வைத்திருக்கிறான்; பாட்டனார் வெட்டிய தகட்டைப் பேரன் பயன்படுத்தினாலும் குற்றமில்லை, அது மரபு. நம் வீட்டுப் பெண்கள் துளையிட்ட தகரத்திலே மாவை நிரப்பிக் கோலம் பதித்தால் அது கோலமன்று என்று யாரும் சொல்வதில்லை. அச்சுப் பலகாரத்துக்கு அச்சைச் செய்தவன் கொல்லன். மாவின் பதமும் எண்ணெயின் சூடும் அம்மாவின் கையில். கைப்பிடியைச் சுழற்றும் வெட்டச்சு எல்லையிலே நிற்கிறது. வெட்டிய இலைகளை எங்கே, எந்நிறத் தாள்மீது, எவ்வாறு அடுக்குவது என்பது பிள்ளையிடம் இருக்கும்வரை அதனைக் கருவி என்றே நான் கொள்வேன். தாளும் இலையும் எழுத்தும் வாழ்த்தும் ஒரே பெட்டியில் முறைப்படி அடுக்கப்பட்டு, எண்ணிட்ட இடத்திலே ஒட்டுவது மட்டுமே மிச்சம் என்று வரும் விற்பனைப் பொதியை அவ்வாறு கொள்ளமாட்டேன். அங்கே கை இருக்கிறது. அதற்கு வேலை இல்லை.

இத்தீர்ப்பை மாணவர் எல்லோரும் ஏற்பதில்லை. கையால் ஒட்டுவதும் கைவேலைதானே என்று வாதிடுவோர் ஆண்டுதோறும் உளர். குமாரசுவாமியிடம் வாதிட்டோரும் இருந்தனர். அவரும் எல்லோரையும் வென்றவரல்லர்.

இந்தியாவிலே அவர் தாகூர் குடும்பத்தாரோடு பழகினார். ஓவியங்களையும் சிற்பங்களையும் தேடித் திரட்டினார். அத்திரட்டை வைத்துத் தேசியக் கலைக்கூடம் ஒன்று அமைக்கவேண்டும் என்று அவர் விரும்பினார், அது கைகூடவில்லை. 1917 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலைக்கூடம் அத்திரட்டைப் பெற்று, அவரையே இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராகவும் அமர்த்தியது. முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். சிவநடனம் பற்றிய நூல் 1918 இல் வந்தது. இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு 1927 இல் வந்தது. 1943 இல் வந்த நூலொன்றின் தலைப்பிலோ, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்ற வினாவையே எழுப்பினார். கலைக்கூடத்திலே சம்பளம் பெற்றவர் இவ்வாறு கேட்பது வேடிக்கையாயினும், அவர் நோக்கு தெளிவானது. பாய் படுக்கைக்கு, செம்பு தண்ணீருக்கு. கண்ணாடிப் பெட்டி இரண்டுக்கும் உரிய இடமன்று. நானும் பிள்ளைகள் செய்த அட்டைகளைச் சுவரிலே தொங்கவிட்டுப் பரிசு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, தபாலிலே சேர்ப்பித்த பிறகே அட்டை முற்றுப்பெறுகிறது.

1947 இல் எழுபது வயது நிறைந்தபோது, தாம் தொழிலிலிருந்து ஓய்ந்து இந்தியா சென்று எஞ்சிய நாள்களைக் கழிக்கப்போவதாக அவர் அறிவித்தார். அவ்வாண்டு செப்ரெம்பர் 9 ஆம் நாள், பொஸ்ரனை அடுத்த நீடம் என்னும் ஊரிலே, புறப்படு முன்னரே உயிர் நீத்தார். தந்தைக்கும் மகனுக்கும் கப்பல் காத்திருந்தது, இருவரும் ஏறவில்லை.

கொழும்பிலே முன்னர் கிறீன் பாத் என வழங்கிய வீதிக்கு அவர் பெயரால் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை எனப் பெயரிடப்பட்டது. தேசியக் கலாபவனம் அவ்வீதியிலேதான் உள்ளது. ஆயினும் நான் அங்கே செல்லும்போதெல்லாம் கால் தரித்து நின்றது அதன் வாயிலில் அன்று. இளம் ஓவியர் தம் படங்களை நிழல்மரங்களின் கீழே வேலியோடு சாத்தி வைத்து, வருவோரிடம் விலை பேசிக்கொண்டிருந்த நடைபாதையிலேதான்.