மாதிரி பறந்தது, விமானம் விழுந்தது

விமானம் என்றதும் அனைவரும் ரைட் சகோதரர்களையே நினைப்பர். எனக்கோ அவர்களுக்கு முன் முயன்று தோற்ற சாமுவேல் லாங்லி மீதே நாட்டம். 1834-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த இவர் கல்லூரியில் பயின்றவரல்லர். ஆயினும் வானியல் பேராசிரியரானார். வெப்பக் கதிர்களை நுட்பமாக அளக்கும் போலோமீட்டர் இவர் படைப்பே.

1896 மே 6-ஆம் நாள் இவருடைய ஆளில்லா நீராவி விமான மாதிரி, போடோமாக் ஆற்றின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்தது. 1898-இல் போர்த்துறை 50,000 டாலர் வழங்கியது. மனிதனைச் சுமக்கும் விமானத்தை ஏவுமுன், அதன் கால் அளவு மாதிரியையும் பெட்ரோல் எஞ்சினால் பறக்கவிட்டார்.

ஆனால், 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரு நாள்களிலும் பெரிய விமானம் ஆற்றில் விழுந்தது. விமானி மேன்லி உயிர் தப்பினார். ஒன்பதே நாளில் ரைட் சகோதரர்கள் பறந்தனர்!

ஏவுகருவியில் சிக்கியதே காரணம் என்றது லாங்லி தரப்பு. காற்றின் விசையால் இறக்கை முறுகி ஒடிந்திருக்கலாம் எனப் பிற்காலப் பொறியாளர் சிலர் கருதினர். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது. நீள, அகல, கனங்களை 4 மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு 16 மடங்காகும்; எடையோ 64 மடங்காகும். எடைக்கு அஞ்சிச் சட்டங்களை மெலித்தால் இறக்கையின் விறைப்பு குன்றும். சிறிய மாதிரி பறந்தது என்பதால் பெரிய இறக்கை முறுகாது என்றாகிவிடாது. அதைக் கணக்கிடும் காற்றுமீட்சியியல் என்னும் துறை அன்று உருவாகவேயில்லை.

பத்திரிகைகள் எள்ளி நகையாட, 1906-இல் லாங்லி மறைந்தார். பின்னாளில் அவர் பெயர் தாங்கிய நாசா ஆய்வு மையத்தில்தான், சுழலிகளைச் சாய்த்துப் பறக்கும் விமானங்களுக்கு விறைப்பும் எடையும் அளவுக்கேற்ப அமைந்த மாதிரிகள் செய்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்து, இறக்கையின் அதிர்வைக் கணக்கோடு ஒப்பிட்டார்கள்.