பிறர் கடிதங்களைக் காத்தவர்: கார்ட்டர் ஜி. உட்சனும் அவர் விட்டுச்சென்ற தாள்களும்

வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கையெழுத்துப்படிப் பிரிவில் கார்ட்டர் ஜி. உட்சன் பெயரால் ஒரு தொகுப்பு பாதுகாக்கப்படுகிறது. அதில் ஏறத்தாழ 5,000 தாள்கள் உள்ளன. ஒரு வரலாற்றாசிரியரின், இரண்டு உயர்கல்வி நிறுவனங்களில் புலத்தலைவராகப் பணியாற்றியவரின் அந்தரங்கத்தை அறியலாம் என்று அப்பெட்டிகளைத் திறப்பவர் ஏமாந்துபோவார். அவற்றுள் பெரும்பகுதி அவருடையது அன்று. கறுப்பின மக்களான ஆயர்களும் வணிகர்களும் பொதுப்பணியாளர்களும் எழுதியவை, பெற்றவை. தம்மைப் பற்றி மிகக் குறைவாகவும் தம் மக்களைப் பற்றி மிகுதியாகவும் சேர்த்து வைத்த ஒருவரின் வாழ்க்கையைத்தான் நாம் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

உட்சன் 1875 டிசம்பர் 19 அன்று விர்ஜீனியா மாநிலத்தின் நியூ கேன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாயும் தந்தையும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆண்டில் சில மாதங்களே நடந்த பள்ளியில், தாய்மாமன்மார் இருவரே ஆசிரியர்களாக இருந்து அவருக்கு எழுத்தறிவித்தனர். மற்ற மாதங்கள் வயலுக்குரியவை. பதின்ம வயதின் இறுதியில் அவர் மேற்கு விர்ஜீனியாவுக்குச் சென்று, இருப்புப்பாதை வேலையும் பிறகு நிலக்கரிச் சுரங்க வேலையும் பார்த்தார்.

அவருடைய முதல் பல்கலைக்கழகம் அந்தச் சுரங்கமே என்று நாம் துணிந்து கூறலாம். ஆலிவர் ஜோன்ஸ் என்ற சக சுரங்கத் தொழிலாளி தம் வீட்டிலேயே ஒரு சிற்றுண்டிக் கடை வைத்திருந்தார். உள்நாட்டுப் போரில் பங்கேற்ற அவருக்கு எழுத்தறிவு இல்லை. ஆனால் கறுப்பின மக்களைப் பற்றிய நூல்களை வாங்கிச் சேர்த்திருந்தார், செய்தித்தாள்களும் வரவழைத்தார். இளைஞனாகிய உட்சனுக்குப் படிக்கத் தெரியும் என்று அறிந்ததும், மாலை வேளைகளில் தொழிலாளர்களுக்கு அவற்றை உரக்கப் படித்துக்காட்டும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். கூலியாகத் தின்பண்டம் கிடைத்தது. வரிவிதிப்பு, நாணயக்கொள்கை, தேர்தல் எனப் பத்திரிகை கொண்டுவந்த செய்திகள் அனைத்தும் கரிபடிந்த மனிதர்களால் அங்கே விவாதிக்கப்பட்டன. போரில் கலந்துகொண்டவர்கள் தங்கள் நினைவுகளைச் சொன்னார்கள். எந்த நூலிலும் இல்லாத வரலாறு படிப்பறிவற்றவர்களின் வாயில் இருக்கிறது என்பதை உட்சன் அங்கே கண்டுகொண்டார். பேராசிரியர்கள் பலருக்கு இறுதிவரை கிட்டாத பாடம் அது.

இருபதாம் வயதில்தான் அவர் ஹன்டிங்டன் நகரின் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்து, 1900இல் அதே பள்ளியின் தலைமையாசிரியரானார். கென்டக்கியின் பெரியா கல்லூரியில் 1903இல் பட்டம் பெற்றார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து பயின்ற கல்லூரி அது. மறு ஆண்டே அம்மாநிலம் அத்தகைய கூட்டுக் கல்வியைச் சட்டமியற்றித் தடுத்தது. அதன்பின் பிலிப்பைன்ஸில் ஆசிரியப்பணி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். டு பாய்ஸுக்குப் பிறகு ஹார்வர்டில் முனைவரான இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். அடிமைகளாக இருந்த பெற்றோரின் பிள்ளை ஒருவர் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றது அவருடைய நேர்விலேயே. ஹார்வர்டில் தம் ஆசிரியர்களுள் ஒருவரே கறுப்பின மக்களுக்கு வரலாறு இல்லை என்று சொன்னதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நம் மாணவர்களுக்கு இது புதிய அனுபவம் அன்று. சேரிக்கு வரலாறு ஏது என்று கேட்கும் குரல் நம் வகுப்பறைகளிலும் உண்டு. அது எப்போதும் வாய்விட்டுக் கேட்பதில்லை, பாடத்திட்டத்தின் மௌனமாகவும் இருப்பதுண்டு.

உட்சன் அந்தக் கூற்றோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சான்றுகளைத் திரட்டத் தொடங்கினார். 1915 செப்டம்பரில் சிகாகோவில் சிலரோடு சேர்ந்து கறுப்பின வாழ்வையும் வரலாற்றையும் ஆராய்வதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். 1916 ஜனவரியில் அதன் ஆய்விதழ் வெளிவந்தது. அதற்கான பணம் பள்ளி ஆசிரியரான அவருடைய சட்டைப்பையிலிருந்தே போயிற்று.

நிர்வாகியாக அவர் இருந்த காலம் மிகக் குறுகியது. 1919இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கலைப்புலத்தின் தலைவரானார். கறுப்பின மாணவர்களுக்கான அப்பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியில் அன்றும் வெள்ளையரே இருந்தார். 1926இல்தான் முதல் கறுப்பினத் தலைவர் வந்தார். தலைவர் டர்க்கீயின் அதிகாரப்போக்கோடு உட்சனால் ஒத்துப்போக இயலவில்லை. ஓராண்டில் வெளியேறினார். அடுத்து மேற்கு விர்ஜீனியா கல்லூரி நிலையம் ஒன்றில் இரண்டாண்டுகள் புலத்தலைவர் பணி. 1922இல் அதையும் விட்டு வாஷிங்டன் திரும்பினார். மீண்டும் எந்த நிறுவனத்திலும் ஊதியத்துக்கு அமரவில்லை. அவர் எளிதில் பழகக்கூடியவர் அல்லர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உடன் உழைத்தவர்களிடம் கடுமை காட்டினார், நண்பர்கள் பலருடன் பிணங்கினார். டர்க்கீயோடு நேர்ந்த மோதலுக்கு அவருடைய இயல்பும் ஓரளவு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் விட்டுக்கொடுக்கும் இயல்பினராக இருந்திருந்தால் அந்தச் சங்கம் நிலைத்திருக்காது என்பதே நம் கருத்து.

ஏனெனில் அடுத்த சோதனை பணத்தின் வடிவில் வந்தது. 1920களில் கார்னெகி, ராக்ஃபெல்லர் போன்ற பெரும் அறக்கட்டளைகளின் நல்கை சங்கத்துக்குக் கிடைத்தது. பின்னர், சங்கத்தை ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கவேண்டும் என்ற அழுத்தம் எழுந்தது. உட்சன் மறுத்தார். 1930களில் நல்கை வற்றியது. கறுப்பினப் பள்ளி ஆசிரியர்கள், தேவாலயங்கள், மகளிர் மன்றங்கள் அனுப்பிய சிறு தொகைகளே அதன்பின் சங்கத்தைத் தாங்கின. 1926 பிப்ரவரியில் அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம் அவ்வாசிரியர்களின் வழியேதான் ஊர்தோறும் சென்றது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அது ஒரு மாதமாக விரிந்தது.

இனி தாள்களுக்கு வருவோம். ஆவணங்களை உட்சன் எவ்வாறு கையாண்டார் என்பதற்கு இரண்டு நூல்கள் போதும். 1926இல் வெளிவந்த ஒன்றில், 1800 முதல் 1860 வரை கறுப்பின மக்கள் எழுதிய கடிதங்களைத் தொகுத்தார். அடிமை முறையைப் பற்றி அடிமைகொண்டவர்களின் கணக்கேடுகளிலிருந்தே எழுதிவந்த ஒரு துறைக்கு, அடிமைப்பட்டவர்களும் தப்பியவர்களும் தம் கையால் எழுதியதை முன்வைத்தார். மற்றொன்று சங்கடமானது. 1830ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து, அடிமைகளை உடைமையாக வைத்திருந்த சுதந்திரக் கறுப்பினத்தவரின் பட்டியலை 1924இல் அவரே வெளியிட்டார். மனைவியை, பிள்ளையை விலைகொடுத்து மீட்டுச் சட்டத்தின் கண்ணில் உடைமையாக வைத்திருந்தவர்கள் அவர்களுள் பலர் என்பதை விளக்கினார். ஆதாயத்துக்காக வைத்திருந்தவர்களையும் நீக்கவில்லை. எதிரி பயன்படுத்திக்கொள்வானே என்று சான்றை மறைப்பவர் பிற்பாடு எந்தச் சான்றையும் நம்பும்படி முன்வைக்க இயலாது. இதை வழக்காடுவோர் அறிவர்.

1929 முதல் அவர் தாம் திரட்டிய கையெழுத்துப்படிகளை நாடாளுமன்ற நூலகத்துக்கு அளிக்கத் தொடங்கினார். நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்த செயல் இது. 1913இல் அதிபர் வில்சனின் ஆட்சி கூட்டாட்சி அலுவலகங்களில் இனப்பிரிவினையைப் புகுத்திய அதே நகரம். தம் மக்களுக்கு உரிமை மறுத்த அதே அரசு. அதன் கையில் தம் மக்களின் கடிதங்களை ஏன் ஒப்படைத்தார்? பல்கலைக்கழகத்தோடு சங்கத்தை இணைக்க மறுத்தவர், தாள்களை மட்டும் அரசிடம் கொடுத்தது முரண்பாடாகத் தோன்றலாம். சங்கம் என்பது குரல். அதைப் பிறர் கையில் கொடுத்தால் அது பேசுவது மாறும். தாள் அப்படியன்று, அதற்கு வேண்டியது தீயும் ஈரமும் அண்டாத இடமும், எவரும் மறுக்கமுடியாத காப்பும். நாம் இவ்வாறுதான் புரிந்துகொள்கிறோம்.

சட்டத்தில் இதற்கு நேரான இடம் ஒன்று உண்டு. முப்பது ஆண்டுப் பழமையுடைய ஆவணம் உரிய காப்பிலிருந்து முன்வைக்கப்பட்டால் அதன் கையெழுத்தை மெய்யென நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு; 2023இன் புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. உரிய காப்பு என்ற சொற்களில்தான் நம் மக்களின் வழக்குகள் இடறி விழுகின்றன. சென்னை மாகாண அரசு 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களைக் கேட்டு வருவோரிடம் பெரும்பாலும் பாட்டன் சொன்ன சொல்தான் இருக்கிறது. தாள் வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் இருக்கவேண்டும். கரையான் தின்றது என்ற பதிலை நாம் ஒருமுறைக்கு மேல் கேட்டிருக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதம் இன்று நம் கைக்குக் கிட்டுவதற்கும் காப்பே காரணம். ஐக்கிய நாடுகள் மன்றத்தில் கறுப்பின மக்கள் அளிக்கவிருந்த விண்ணப்பத்தைப் பற்றி அதில் அவர் கேட்டிருந்தார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். டு பாய்ஸ் தம் தாள்களைப் பேணியதால், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் அவை உள்ளன. அண்ணலின் சொந்தக் கையெழுத்துப்படிகளோ அவர் மறைவுக்குப்பின் பல்லாண்டுகள் நீதிமன்றக் காப்பில் கிடந்தன; மகாராட்டிர அரசின் தொகுதிகள் வெளிவரத் தொடங்கியது 1979இல்.

உட்சன் தம் விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டவில்லை. அவர் மணம்புரியவில்லை. வாஷிங்டன் ஒன்பதாம் தெருவில் 1538ஆம் எண் வீட்டின் மேல்மாடியில் வாழ்ந்தார். கீழே சங்கமும் பதிப்பகமும் இயங்கின. நூற்கட்டுகளைத் தாமே கட்டி அனுப்பினார். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள், அவரோடு உழைத்த லொரென்சோ கிரீனின் நாட்குறிப்புகளிலும், அவர் சண்டையிட்டவர்களின் கோப்புகளிலும், அறக்கட்டளைகளின் அலுவல் கடிதங்களிலும் அவரைத் தேட வேண்டியிருந்தது. அந்தக் கோப்புகளில் தெரிபவர் பிடிவாதக்காரர். அவருடைய தரப்பை முழுமையாகச் சொல்லும் தாள்கள் குறைவு.

1950 ஏப்ரல் 3 அன்று, தம் 74ஆம் வயதில், அந்த வீட்டிலேயே அவர் காலமானார். ஆப்பிரிக்க வழித்தோன்றல்களைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் உழைத்திருந்தார், அது முற்றுப்பெறவில்லை. வீடு இப்போது தேசியப் பூங்காப் பணித்துறையின் பொறுப்பில் நினைவிடமாக உள்ளது. சங்கத்தின் ஆய்விதழ் பெயர் மாறி இன்றும் வெளிவருகிறது.