சத்து மாத்திரைக்குப் பின்னால் ஒருவர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று கேட்ட செயலாளர், நான் எங்க ஊர் தளவானூர்க் குகைக்கோயிலைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். மகேந்திரவர்மன் குடைந்த கோயில் எங்கேயும் போய்விடாது. அடுத்த மலரில் பார்த்துக்கொள்ளலாம்.

போன தடவை ஊருக்குப் போனபோது, முழுகாமல் இருந்த தங்கைக்கு நர்சம்மா கொடுத்த சத்து மாத்திரை அட்டையைப் படித்தேன். இரும்போடு ஃபோலிக் அமிலம் என்று இருந்தது. அந்த இரண்டாவது பெயருக்குப் பின்னால் நம்ம சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார்: எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். வறுமை. மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் தேறினார் (அரியர் வைத்த நண்பர்கள் கவனிக்க!). சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார்.

பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்ற குடல்நோய் அவருடைய உடன்பிறந்தவரைக் கொண்டுபோனது. அவரையும் விடவில்லை, ஆயுர்வேத மருத்துவத்தில் பிழைத்தார். வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், ரத்தசோகை; சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது.

மூன்று வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று இளம் மனைவியிடம் சொல்லிவிட்டு, 1920களின் தொடக்கத்தில் கப்பலேறினார். பாஸ்டனில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் அளக்கும் முறையை, அந்த நீல நிறத்தை, நம்மில் சிலர் லேபில் பார்த்திருப்போம். ஆனாலும் ஹார்வர்டு நிரந்தர வேலை கொடுக்கவில்லை. 1940-ல் லெடர்லி கம்பெனிக்குப் போனார்.

அங்கேதான் விஷயம். லாக்டோபாசில்லஸ் கேசி என்ற பாக்டீரியா, ஈரலில் உள்ள ஏதோ ஒரு வளர்ச்சிக் காரணி இல்லாவிட்டால் பெருகாது. அது பெருகுகிறதா என்று பார்த்துப் பார்த்தே அந்தக் காரணியைத் துரத்தினார்கள். 1945-ல் அவர் தலைமையிலான குழு அதைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது. அதுதான் ஃபோலிக் அமிலம்.

பாக்டீரியாவுக்கு வேண்டியது நம் வயிற்றுக்கு எதற்கு? குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒரு தரம் முழுக்கப் புதுசாகிறது. புது செல் உண்டாக டி.என்.ஏ. வேண்டும், அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அது குறைந்தால் உள்தோல் தேய்கிறது, அதிலுள்ள செரிமான நொதிகளும் குறைகின்றன, சத்து உள்ளே ஏறாது. சத்து ஏறாததால் ஃபோலிக் அமிலம் இன்னும் குறையும். ஸ்ப்ரூவின் விஷச்சுழல் இது. மாத்திரை கிடைத்த நோயாளிகள் சில நாளிலேயே சாப்பிட ஆரம்பித்தார்கள். இரைப்பையில் அமிலமே சுரக்காமல் போகிற கொடிய ரத்தசோகைக்கும் இதுவே மருந்தாகும் என்று நம்பினார்கள், அங்கே ஏமாற்றம். அதற்கு வேண்டியது பி12.

அவர் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே நடித்து ஏமாற்றும் பொருளையும் செய்தது. 1948-ல் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதன்முதலாகக் கொஞ்ச நாளாவது நோய் தணிந்தது அதனால்தான்.

அதே ஆகஸ்டில் நியூயார்க் அருகே தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. ஊருக்குத் திரும்பவே இல்லை.