நாவலர் நடத்திய வகுப்பறை

கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்தில் நாவலர் குருபூசை. வழமைபோல நமது மண்டபத்தில் படம் வைத்து மாலை சூட்டுவோம். சைவம் காத்தார், தமிழ் வளர்த்தார் என்று பிள்ளைகள் இரண்டு வரி பேசிவிட்டு இறங்குவார்கள். அவர் பிள்ளைகளை இருத்திப் பாடம் சொன்ன விதத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. நமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் கணக்கும் இடாப்பும் என் கையில் இருப்பதாலோ என்னவோ, எனக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது. அந்த இடாப்பில் வருடத்துக்கு வருடம் பெயர்கள் குறைந்துகொண்டு போகின்றன.

ஆறுமுகம் என்ற பெயரோடு அவர் பிறந்தது 1822 டிசெம்பர் 18ஆம் திகதி, நல்லூரில். தந்தையார் கந்தர், தாயார் சிவகாமி. சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராச முதலியாரிடமும் இலக்கண இலக்கியம் கற்றார். அக்காலத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஏட்டுக்குப் போகும். நிகண்டும் நீதிநூலும் மனப்பாடம். மூத்த மாணாக்கன் சொல்ல மற்றவர்கள் கூடச் சொல்வார்கள். பொருள் பிறகு வரும், வராமலும் போகும். நினைவாற்றல் உள்ள பிள்ளை பண்டிதனாகும். மற்றப் பிள்ளையின் கதி என்னவென்று கேட்பார் இல்லை.

ஆங்கிலம் கற்க அவர் சேர்ந்தது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில். இன்றைய மத்திய கல்லூரி அதன் வழி வந்ததே. அங்கே நேரத்துக்கு ஒரு பாடம். பிள்ளைகள் தரம் பார்த்து வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். கையில் அச்சடித்த புத்தகம். இருபது வயதளவில் அவரே அங்கு ஆசிரியரானார். பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கத் துணைநின்றவரும் அவர்தான். சமயத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர்களிடம் பல ஆண்டு கூடவே இருந்து, அவர்கள் வகுப்பறை ஏன் வெல்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டார். நம்மில் பலருக்கு இந்தப் பொறுமை இல்லை. பிடிக்காதவனிடம் படிக்க ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அவ்வாண்டே மிஷன் வேலையையும் சம்பளத்தையும் விட்டார். மிஷன் பாடசாலையில் கண்ட வகுப்பு முறையைத் தம் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். ஆனால் பிள்ளைகளின் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டுமே. 1849இல் சதாசிவம்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்தார். அந்தப் பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தைக் கொடுத்தது. பட்டத்தைச் சொல்கிறவர்கள் யந்திரத்தை மறந்துவிடுகிறார்கள்.

அந்த யந்திரத்திலிருந்து பாலபாடங்கள் வந்தன. எழுத்து, பிறகு சிறு சொல், பிறகு சிறு வாக்கியம் என்று படிப்படியாக ஏறுகிற புத்தகங்கள். பிள்ளை தடுக்கி விழாதபடி சந்தியைப் பிரித்து, காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இட்டு வசனத்தை அச்சிட்டார். குறியீடுகளைத் தமிழ் வசனத்தில் ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களில் முன்னோடி அவர். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தெரியும். புள்ளியே இல்லாத பழைய ஏட்டை ஒருமுறை வாசிக்க முயன்று பார்த்தால் புரியும். இலக்கணச் சுருக்கம் எழுதியபோது பகுதிகளின் முடிவில் கேள்விகளையும் சேர்த்தார். ஒப்புவித்தால் மட்டும் போதாது, கேட்டால் விடை சொல்லவேண்டும் என்பது அவருடைய வகுப்பின் எதிர்பார்ப்பு. நான்காம் பாலபாடத்தில் கல்வியைப் பற்றி எழுதியிருப்பதை நமது பெற்றோர் ஒருமுறை வாசிக்கவேண்டும். சந்தேகம் தீரக் கற்கவேண்டும் என்கிறார். கற்றபடி நடப்பதையும், நல்ல மாணாக்கருக்குக் கற்பிப்பதையும், எல்லோருக்கும் நல்லதை எடுத்துச் சொல்வதையும் கற்றவரின் கடனாக வைக்கிறார். பிள்ளையிடம் மட்டுமல்ல, ஆசிரியரிடமும் அவர் கணக்குக் கேட்டார்.

கணக்கு என்றதும் என் தொழில் குறுக்கே வருகிறது. இந்தப் பாடசாலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மிஷன் பாடசாலைகளுக்கு அரசாங்க நன்கொடை இருந்தது. இவருடைய பாடசாலைக்கோ இருபது ஆண்டுக்கு மேல் கிடைக்கவில்லை. சம்பளத்தை எதிர்பாராத ஆசிரியர்களும், அன்பர்கள் கொடுத்ததும், வீடுகளில் சேர்த்த பிடியரிசியும், அச்சிட்டு விற்ற புத்தகங்களுமே தாங்கின. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை அமைத்தார். 1872இல் வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பொருள் முட்டுப்பாட்டால் அது மூடப்பட்டது. நாவலரே நடத்தியும் மூடவேண்டி வந்த பாடசாலை அது. பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவருக்குக் கஞ்சி வார்த்ததும் அந்த எழுபதுகளின் நடுப்பகுதியிலேதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சாதி ஒழுங்கை அவர் ஏற்றுக்கொண்டவர். அது அவருடைய எழுத்திலேயே உண்டு. அந்த வகுப்பறையின் கதவு ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை. குருபூசை மேடையில் இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். ஆனால் உடுத்த துணியோடு வந்து, அகதி என்ற ஒரே பெயரில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்ற நாங்கள், இதைச் சொல்லாமல் அவருடைய படத்துக்கு மாலை போடுவது சரியாக எனக்குப் படவில்லை. நமது வகுப்பில் யாருடைய பிள்ளை என்று நாங்கள் கேட்பதில்லை.

அவர் மணம் செய்யவில்லை. 1879 டிசெம்பர் 5ஆம் திகதி காலமானார். வயது ஐம்பத்தேழு நிறையவில்லை. அவருக்குப் பின் பாடசாலையையும் அச்சுக்கூடத்தையும் பார்த்துக்கொண்டவர் சென்னைக்குக் கூடப்போன அதே சதாசிவம்பிள்ளை.

குருபூசைக்கு அடுத்த சனிக்கிழமை வகுப்பு காலை பத்து மணிக்குத் தொடங்கும். பத்தரைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர் தயவுசெய்து இதைக் கவனிக்கவும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு கொப்பி கொண்டுவரவேண்டும். அன்று மூத்த வகுப்பில் நான்காம் பாலபாடத்துக் கல்விப் பாடத்தை எடுக்கிறோம். பெற்றோரும் பின்வரிசையில் இருந்து கேட்கலாம்.