பொம்மை டாங்கியைத் திருப்பிப் பாருங்க: ஃபிராங்க் ஹார்ன்பியின் கதை

இங்கிலாந்தில் பழைய பொம்மைச் சந்தைக்குப் போனா, உள்ளங்கையில அடங்குற உலோக ராணுவ வண்டிகள் நிறைய கிடைக்கும். அதுல எது போருக்கு முன்னாடி வந்தது, எது பின்னாடி வந்ததுன்னு கண்டுபிடிக்கிறது ஒரு தனிக் கலை. முதல் வேலை, வண்டியைத் தலைகீழாத் திருப்பி அதுல என்ன பெயர் வார்த்திருக்குன்னு பார்க்கிறது. ஹார்ன்பி சீரிஸ்னு இருந்தா, அது மிகப் பழசு. யார் இந்த ஹார்ன்பி?

ஃபிராங்க் ஹார்ன்பி 1863ல் லிவர்பூலில் பிறந்தவர். 16 வயசுல பள்ளிப் படிப்பு முடிஞ்சது. இன்ஜினியரிங் டிகிரி எல்லாம் கிடையாது. இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதுற வேலை. சம்பளம் குடும்பத்துக்கே சரியாப் போகும்.

வீட்டுல தன் பையன்களுக்காகத் தகடு வெட்டி கிரேன் மாதிரி பொம்மைகள் செஞ்சு கொடுத்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியா பாகம் வெட்ட வேண்டியிருந்தது. இதைக் கழற்றி அடுத்ததுக்குப் பயன்படுத்த முடிஞ்சா? அங்கதான் விஷயம். அரை அங்குல அகலத்தில் பட்டைகள், அரை அங்குலத்துக்கு ஒரு துளை. எல்லாத் துளையும் ஒரே அளவு. அதே துளையில் போல்ட்டும் போகும், ஆக்ஸிலும் சுழலும். நம்ம மெஷின் டிசைன் வகுப்புல இன்டர்சேஞ்சபிலிட்டின்னு படிக்கிறோமே, அதேதான்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக் கையில காசு இல்லை. முதலாளி டேவிட் எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கினார். 1901ல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சப்போ வயசு 37. லிவர்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஹீலி-ஷாவின் ஆதரவும் கிடைச்சது. 1907ல் அந்தப் பொம்மைக்கு மெக்கானோன்னு பெயர் வந்தது. 1914ல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை. 1920ல் ஹார்ன்பி ரயில்கள்.

மெக்கானோ வெறும் விளையாட்டோட நிற்கலை. 1934ல் மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும் மெக்கானோ பாகங்களை வச்சே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் கட்டினாங்க. எம்-2 பேப்பர்ல நம்மை அழ வைக்கிற அதே சமன்பாடுகள்தான்!

இப்போ டாங்கிக்கு வருவோம். ரயில் பொம்மைகளுக்குப் பக்கத்துல வைக்கச் சின்ன வண்டிகள் வேணும்னு 1933ல் ஆறு வண்டிகள் வெளிவந்தன. அதுல ஒண்ணு ராணுவ டாங்கி. அதுலதான் ஹார்ன்பி பெயர். 1934ல் பெயர் டிங்கி டாய்ஸ்னு மாறிச்சு. ஆக, ஹார்ன்பி பெயரோட ஒரு டாங்கி கிடைச்சா அது எந்தக் காலத்துதுன்னு கிட்டத்தட்டச் சொல்லிடலாம்.

ஹார்ன்பி 1936ல் இறந்துட்டார். போர் நெருங்கின நேரத்துல வந்த ராணுவ வண்டித் தொகுப்புகளை அவர் பார்க்கவே இல்லை. 1942ல் பிரிட்டனில் உலோகப் பொம்மை உற்பத்தி தடை செய்யப்பட்டது. பின்ஸ் ரோடு போர் வேலைக்குப் போயிடுச்சு. போர் முடிஞ்சதும் பழைய அச்சுகள் சில திரும்ப வேலைக்கு வந்ததால, வண்டி பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் சக்கரத்துல: முன்னாடி வந்ததுல நடுப்பகுதி மொழுக்குன்னு இருக்கும், ஆக்ஸில் மெலிசு. பின்னாடி வந்ததுல நடுவுல வளையம் எழும்பி இருக்கும், ஆக்ஸில் தடிமன்.

இன்னொரு அடையாளம் கொஞ்சம் சோகம். பல வண்டிகளை வார்த்தது துத்தநாக அலாயில். அதுல கொஞ்சம் ஈயம் கலந்துட்டாலே போதும், வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளயே அரிச்சு, வீங்கி, வெடிச்சு, தூளாயிடும். பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருந்தாலும் தப்பாது. போருக்கு முந்தைய வண்டிகள் பல இப்படித்தான் அழிஞ்சுபோச்சு. துளையை அவ்வளவு துல்லியமா யோசிச்சவரோட கம்பெனியை, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ஈயம் ஏமாத்திடுச்சு.

பின்ஸ் ரோடு 1979ல் மூடப்பட்டது. ஆனா 1901ல் அவர் முடிவு பண்ணின அந்த அரை அங்குல இடைவெளி மாறவே இல்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய மெக்கானோ பட்டையும் ரொம்பப் பின்னாடி வந்த பட்டையும் இன்னைக்கும் ஒண்ணோட ஒண்ணு சேரும்.