விரல்களுக்கு எழுத்து தந்த லூயி பிரெயில்

பழகிய பள்ளியை விட்டுப் புதுப் பள்ளிக்குப் போவது எப்படிப்பட்ட சங்கடம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அப்பாவுக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டால், சட்டி பானையோடு லாரியில் ஏறிப் போய், முன்பின் தெரியாத வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். ஆறாம் ஆண்டு முடிந்து பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். முகங்கள் புதுசு, பாட மொழி புதுசு, கேண்டீனில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதுகூட ஒரு கவலை.

அப்படிப் புதுப் பள்ளிக்குப் போன ஒரு பையனின் வாழ்க்கையைத்தான் இந்த மலரில் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். அவன் பெயர் லூயி பிரெயில். பிரான்சு நாட்டில், பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில் கூவ்ரே என்று ஒரு கிராமம். அங்கே 1809-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் பிறந்தான். வீட்டில் நான்கு பிள்ளைகள், இவன்தான் கடைக்குட்டி. அப்பா சிமோன் ரெனே குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைக்கும் தொழிலாளி. அவருடைய பட்டறை முழுவதும் தோல் வெட்டும் கத்தியும் துளை போடும் குத்தூசியும்தான்.

அப்பா செய்கிற வேலையைத் தானும் செய்து பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது? பால்மரம் வெட்டும் கத்தியை எடுத்து விளையாடி அடி வாங்கிய பிள்ளைகள் நம் லயங்களிலும் உண்டே. மூன்று வயது லூயி ஒரு நாள் பட்டறையில் கூரிய கருவி ஒன்றை எடுத்துத் தோலில் குத்திப் பார்த்தான். கை நழுவியது, கருவி கண்ணில் பாய்ந்தது. புண்ணில் சீழ் பிடித்தால் ஆற்றுவதற்கு அந்தக் காலத்தில் மருந்து ஏது? ஒரு கண்ணில் பிடித்த நோய் மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் முழுக்க இருண்டு போயின.

அந்தக் காலத்தில் ஏழை வீட்டில் பார்வை இழந்த பிள்ளைக்குத் தெருவில் கையேந்துவதைத் தவிர வேறு வழி கிடைப்பது அரிது. லூயியின் அப்பா அம்மா அப்படி விட்டுவிடவில்லை. தட்டித் தட்டி நடக்க அப்பா கைத்தடி செய்து கொடுத்தார். ஊர்ப் பாதிரியார் பாலுய் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஊர்ப் பள்ளியின் வாத்தியார் பெஷரே அவனை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டார். காதால் கேட்டதை அப்படியே மனத்தில் வாங்கிக்கொள்ளும் கெட்டிக்காரன் லூயி. ஆனாலும் என்ன? மற்றப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தால் இவன் கை சும்மா இருக்க வேண்டும். அவர்கள் எழுதத் தொடங்கினால் இவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோரோடும் இருந்தும் தனியாக இருந்தான் பையன்.

பாரிஸ் நகரத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. வாலன்டைன் அவுயி என்ற பெருமகன் 1785-இல் தொடங்கிய பள்ளி அது. ஊர்ப் பெரியவர்களின் முயற்சியால் லூயிக்கு அங்கே உபகாரச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது. 1819-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், பத்து வயதுப் பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தான். அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அந்தப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது தெரியுமா? பழைய காலத்துக் கட்டடம். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆட்களை அடைத்து வைத்த இடம். சுவரெல்லாம் ஈரம் கசியும். வெளிச்சமும் காற்றும் குறைவு. பிள்ளைகள் அடிக்கடி நோயில் விழுவார்கள். கூவ்ரேயில் ஒவ்வொரு சந்தும் லூயியின் தடிக்குத் தெரியும். இங்கேயோ படிக்கட்டு எங்கே, கதவு எங்கே என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பழக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவனோடு சேர்ந்துகொண்டவன் காப்ரியேல் கோத்தியே என்ற மாணவன். லூயியைவிட ஒரு வயது மூத்தவன். அந்த நட்பு கடைசிவரை நிலைத்தது. புது இடத்தில் ஒரு தோழன் கிடைத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும் அல்லவா?

லூயி படிப்பில் முன்னேறினான். அந்தப் பள்ளியிலும் பரிசு கொடுக்கும் வழக்கம் உண்டு. லூயி பல பாடங்களில் பரிசு வாங்கினான். பியானோ, ஆர்கன் போன்ற இசைக் கருவிகளையும் கற்றுக்கொண்டான். ஆக, புதுப் பள்ளியோடு நன்றாகவே ஒத்துப் போய்விட்டான் என்று நினைக்கிறீர்களா? ஒரு விஷயத்தில் மட்டும் முடியவில்லை. அதுதான் புத்தகம்.

அங்கே புத்தகங்கள் இருந்தன. ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். நாம் அச்சில் பார்க்கிறோமே, அதே எழுத்துகளைக் கெட்டித் தாளில் பெரிது பெரிதாகப் புடைக்க வைத்து அச்சடித்திருந்தார்கள். ஒரு புத்தகத்தைத் தூக்குவதே பெரிய பாடு. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் நெளிவையும் தடவித் தடவிக் கண்டுபிடித்து ஒரு வரி முடிப்பதற்குள் முதல் சொல் மறந்து போகும்! அது மட்டுமா? படிக்கலாமே தவிர அந்த எழுத்தைப் பிள்ளைகள் தாங்களே எழுத முடியாது. கணக்கைக் குறித்துவைக்க முடியாது. வீட்டுக்குக் கடிதம் போட முடியாது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். அவுயி நல்ல மனம் படைத்தவர். அவர் போட்ட பாதை இல்லாவிட்டால் லூயி பள்ளிக்கே வந்திருக்க மாட்டான். ஆனால் அந்த எழுத்து கண்ணுக்காகப் பிறந்த எழுத்து. பார்வையுள்ள வாத்தியார்களுக்கு அது எளிது. அதனால் அதையே பிள்ளைகளின் விரலுக்கும் கொடுத்தார்கள். பிள்ளைகள் மெதுவாகப் படித்தால் குறை பிள்ளைகளிடம் என்றுதானே தோன்றும்?

1821-ஆம் ஆண்டு, படையில் பணியாற்றிய சார்ல்ஸ் பார்பியே என்பவர் தாம் கண்டுபிடித்த ஒரு புதுமுறையை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். எழுத்துக்குப் பதிலாகத் தாளில் புடைத்து நிற்கும் புள்ளிகள். விரலுக்குக் கோட்டைவிடப் புள்ளி எளிதில் தட்டுப்படும். அதோடு பிள்ளைகளே எழுதவும் முடியும். லூயி அதை ஆவலோடு கற்றான். ஆனால் அதிலும் குறை இருந்தது. ஓர் ஒலிக்கு 12 புள்ளிகள் வரை தேவைப்பட்டன. ஒரு விரல் நுனிக்குள் அடங்காது. ஒலிக்கு மட்டுமே குறி இருந்ததால் சரியான எழுத்துக்கூட்டலைக் கற்க முடியாது. நிறுத்தக் குறி இல்லை, எண் இல்லை, இசைக் குறியீடும் இல்லை.

பன்னிரண்டு வயதுப் பையன் என்ன செய்வான்? குறை சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. பகலில் பாடம், இரவில் மற்றவர்கள் தூங்கிய பிறகு புள்ளி. விடுமுறைக்குக் கூவ்ரேக்குப் போனாலும் அதே வேலைதான். தாளில் புள்ளி குத்துவதற்கு அவன் பயன்படுத்திய ஊசி, அப்பா பட்டறைக் குத்தூசியைப் போன்றதுதான். ஒரு கூர் அவன் கண்ணைப் பறித்தது; இன்னொரு கூரைக்கொண்டு அவன் எழுத்தைத் தேடினான்.

1824-ஆம் ஆண்டு, பதினைந்து வயதில் அவன் முறை உருவாகிவிட்டது. தாயக்கட்டையில் ஆறு விழுந்தால் எப்படி இருக்கும்? பக்கத்துக்கு மூன்றாக இரண்டு வரிசை. அவ்வளவுதான்! விரல் நுனியை ஒருமுறை வைத்தால் ஆறும் ஒன்றாகத் தெரிந்துவிடும். அந்த ஆறில் எது புடைத்திருக்கிறது, எது இல்லை என்பதை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தக் குறிக்கும் இசைக்கும் அந்த 63 போதும். வேண்டுமானால் நோட்டில் போட்டு எண்ணிப் பாருங்கள், நல்ல கணக்குப் பயிற்சி! இந்த முறையை விளக்கி 1829-இல் ஒரு நூலையும் வெளியிட்டான்.

இனிமேல் அவன் என்று சொல்லக் கூடாது, வாத்தியார் ஆகிவிட்டாரே! 1828-இல் அதே பள்ளியில் துணையாசிரியராகவும், 1833-இல் முழு ஆசிரியராகவும் நியமனம் பெற்றார் பிரெயில். நண்பர் கோத்தியேயும் அவருடன் ஆசிரியரானார். பாரிஸ் தேவாலயத்தில் பிரெயில் ஆர்கன் வாசித்தும் வந்தார். 1839-இல் இன்னொரு வழியும் கண்டார். பார்வையற்றவர்கள் நாம் படிக்கும் எழுத்து வடிவங்களையே புள்ளிகளால் எழுதும் முறை அது. இதைக்கொண்டு ஒரு பிள்ளை தன் கையாலேயே அம்மாவுக்குக் கடிதம் எழுதலாம். அம்மா அதைக் கண்ணால் படித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நல்ல எழுத்தை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா என்றால், இல்லை. 1840-இல் பள்ளிக்குத் தலைவராக வந்த டுபோ என்பவர் புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். பார்வையுள்ளவர்களும் படிக்கக்கூடிய புடைப்பு எழுத்தையே அவர் விரும்பினார். மாணவர்கள் விடுவார்களா? தங்கள் விரலுக்கு ஏற்ற எழுத்தை ருசி கண்டவர்கள் அவர்கள்! மறைவாக எழுதினார்கள், மறைவாகப் படித்தார்கள். அவருக்குத் துணைவராக இருந்த குவாதே இதைக் கவனித்துப் புள்ளி எழுத்தின் பக்கம் பேசினார். டுபோவும் மனம் மாறினார். 1844-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், எல்லோர் முன்னிலையிலும் பிள்ளைகள் புள்ளி எழுத்தை எழுதியும் படித்தும் காட்டினார்கள்.

ஆனால் பிரெயிலின் உடல் முன்பே தேய்ந்துவிட்டது. காச நோய் பல ஆண்டுகள் அவரை வாட்டியது. 1852 சனவரி 6-ஆம் நாள், 43 வயது நிரம்பிய இரண்டாம் நாள், காலமானார். இரண்டு ஆண்டு கழித்து, 1854-இல்தான் பிரான்சில் அவருடைய முறைக்கு அதிகாரப்பூர்வமான இடம் கிடைத்தது. அவர் மறைந்து நூறாண்டு நிறைந்த 1952-இல் பிரெஞ்சு நாடு அவருடைய உடலைப் பாரிஸில் பெருமக்கள் உறங்கும் பாந்தியன் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றது. கைகளை மட்டும் கூவ்ரே கிராமம் தன்னிடமே வைத்துக்கொண்டது. பிறந்த மண்ணுக்கு அந்தக் கைகள் சொந்தம்தானே!

நம் தமிழுக்கும் அவர் எழுத்து வந்துவிட்டது. இந்திய மொழிகளுக்கென்று 1951-இல் அமைத்த பாரதி பிரெயில் முறையில் தமிழும் உண்டு. இடப்பக்கம் மேலே ஒரே ஒரு புள்ளி இருந்தால் அது அகரம். அதோடு இடப்பக்கம் அடியிலும் ஒரு புள்ளி சேர்ந்தால் ககரம். சனவரி 4-ஆம் நாளை உலகப் பிரெயில் நாளாக ஐக்கிய நாட்டு அவை 2018-இல் அறிவித்தது. 2019 முதல் அந்த நாள் கொண்டாடப்படுகிறது.

மாணவச் செல்வங்களே, இன்று மேடை ஏறிப் பரிசு வாங்குகிறவர்களும், கீழே உட்கார்ந்து கைதட்டுகிறவர்களும் இதை மனத்தில் வையுங்கள். புதுப் பள்ளிக்குப் போய்ப் பாடம் புரியாமல் தடுமாறினால், எனக்குத் தலையில் ஒன்றுமில்லை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். இருக்கிற வழியில் முயன்று பாருங்கள்; அது உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால் பொருந்துகிற வழியைத் தேடுங்கள். உங்கள் வகுப்புக்குப் புதுப் பிள்ளை வந்தால் கோத்தியேயைப் போல முதலில் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு பிள்ளை வாய் திறக்காமல் கடைசி பெஞ்சில் இருந்தால், அவனை மண்டு என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டுப் பார்க்க வேண்டும். நாம் சொல்லிக் கொடுக்கும் விதம் நமக்கு எளிதா, பிள்ளைக்கு எளிதா? பள்ளிக்குத் தக்கபடி பிள்ளை மாறுவது ஒரு பாதிதான். பிள்ளைக்குத் தக்கபடி பள்ளி மாறுவது மறு பாதி. அந்த மறு பாதியைப் பெரியவர்கள் செய்யத் தவறியதால், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இரவெல்லாம் கண் விழித்துச் செய்தான். நம் பிள்ளைகளுக்கு அதை நாமே செய்து கொடுப்போம்.