பதிவேட்டுக்குப் பொறுப்பாளி யார்? சேர் பொன்னம்பலம் அருணாசலம்

திரியாயில் காணிப் பிரச்சினை எழும்போதெல்லாம் முதலில் கேட்கப்படுவது உறுதி அல்லது அனுமதிப்பத்திரம். 1985 இல் வீடு எரிந்து, ஆவணமும் அதனுடன் போனவர்களுக்கு மிஞ்சியிருப்பது அரச பதிவேடு மட்டுமே. அந்தப் பதிவேடு ஒழுங்காக இருக்கவேண்டிய பொறுப்பை ஒருகாலத்தில் ஏற்றிருந்தவர் ஒரு தமிழர்.

1853 இல் கொழும்பில் பிறந்த அருணாசலம், கேம்பிரிட்ஜில் கற்று, 1875 இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் இலங்கையர். அவர் பதிவாளர் நாயகமானபோது அத்திணைக்களத்தில் மோசடியும் தாமதமும் மலிந்திருந்தன. அவர் திணைக்களத்தையே மறுசீரமைத்தார். ஆவணங்களைத் தேடியெடுக்க அட்டவணை முறையை ஏற்படுத்தினார். 1901 குடிசன மதிப்பீட்டையும் அவரே நடத்தினார். 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்த அந்த அறிக்கை அவருடைய பெயரிலேயே வெளிவந்தது. பிழையென்றால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். பின்னர் தமிழருக்கான கொழும்பு ஆசனம் மறுக்கப்பட்டதால் அதைவிட்டு விலகினார். 1924 ஜனவரி 9 இல் மதுரையில் காலமானார்.

இன்று திரியாய்க் காணி பற்றிப் பிரதேச செயலகம், வனத் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம் என ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவு வைத்திருக்கின்றது. அவை முரண்படும்போது எது சரியென்று கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் யார்? மக்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்.